வெள்ளன வந்தாலும் தப்பு

“என்னண்ணே, இம்புட்டு வெள்ளனவே வந்துட்டீக? அங்குட்டுப் போய் ஒரு டீயைக் குடிச்சுட்டு வாங்க. பெட்டி பதினோரு மணிக்குத்தான் வேணும்.”

கேட்டுக்கு வெளியிலேயே என் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சுபலட்சுமி உள்ளே போய்விடுவார். நான் காரைக்குடியில் அட்டைப்பெட்டி வியாபாரம் செய்கிறவன். தாமதமாகப் போய் எத்தனையோ இடத்தில் ஏச்சு வாங்கியிருக்கிறேன். சீக்கிரம் போய் ஏச்சு வாங்குவது இந்தப் பலகாரத் தொழிற்சாலையில் மட்டும்தான். எரிச்சலாகத்தான் வரும். ஆனால் சிரித்துக்கொண்டே சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? டீக்கடைக்கு நடப்பேன்.

தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை எல்லாம் அங்கே மெஷினிலும் கையிலுமாக நடக்கின்றன. எதை எப்போது, எவ்வளவு செய்வது என்று திட்டம் போடுகிறவர் சுபலட்சுமி. ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் கற்றுவந்த முறை: ஆர்டர் வந்தால்தான் அடுப்பு எரியும். “செஞ்சு அடுக்கி வச்சா நமத்துத்தான் போகும்ண்ணே,” என்பார். சுவரில் ஒரு பலகை, அதில் கலர் கலராக அட்டைகள். கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி அதன் முன்னால் நிற்பார். அட்டையை நகர்த்தி முடித்த பிறகுதான் ஊசி கொண்டைக்குப் போகும். கிடங்கில் ஒரு பொட்டலம் மீந்து கிடந்தால், வந்த விருந்தாளி எழுந்து போகாதது போல முகம் சுளிப்பார்.

முதலாளி குமரப்பனுக்கு இதில் அரை மனசுதான். கிடங்கு ரொம்பியிருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். போன மாசம் இளையாத்தங்குடியிலிருந்து ஒரு கல்யாண ஆர்டர் வந்தபோது பட்டென்று சொல்லிவிட்டார்: “சாயங்காலம் லாரி கிளம்பலைன்னா பலகையைக் கழட்டிப்புடுவேன் ஆத்தா. பழையபடி ரொப்பி வச்சுக்கிருவோம்.”

அன்றைக்கு நான் உள்ளே பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். சுபலட்சுமி மாவுக் கிடங்கைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அக்கம்மாக்கா, அரிசி மாவு எப்பிடி இருக்கு?”

“நெறைஞ்சிருக்குத்தா!” என்றார் கிடங்கு அக்கம்மாள்.

தேன்குழல் அட்டை மேலே ஏறியது. எண்ணெய் காய்ந்தது. மாவு அள்ளப் போன பெண் வெறும் முறத்தோடு திரும்பி வந்தாள்.

அக்கம்மாள் அசையவில்லை. “பின்னே? வெள்ளிக்கிழமையும் அதுவுமா ‘இல்லை’ம்பாகளா? தீந்துபோனா நெறைஞ்சிருக்குன்னுதானே சொல்லணும்! உங்க வீட்டுல எப்பிடிச் சொல்லுவீக?”

சுபலட்சுமி வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். நம் பக்கத்தில் யார் வீட்டில்தான் அரிசி தீர்ந்திருக்கிறது? தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் அவர் காது மட்டும் ஓசூருக்குப் போய்விட்டது.

“ஐயையோ, என் பலகை போச்சே!” என்று தலையில் கை வைத்தார்.

கொஞ்ச நேரம்தான். ஊசி பல்லுக்குப் போனது. தேன்குழல் அட்டை இறங்கியது. மாவுருண்டை அட்டை ஏறியது; அதற்குப் பாசிப்பருப்பு மாவுதான், அரிசி மாவே வேண்டாம். பிழிய நின்ற பெண்களெல்லாம் உருண்டை பிடிக்க உட்கார்ந்தார்கள்.

“அண்ணே, சும்மாதானே நிக்கிறீக? சாக்கோட்டை மாவு மில்லுக்கு வண்டியை விடுங்க. நான் போன் போட்டுச் சொல்லிடுறேன்.”

சும்மா நின்றேனாம்! பாதிப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மூட்டை தூக்கித் தூக்கிச் சட்டையெல்லாம் மாவு. நான் திரும்பி வரும்போது கடைசி உருண்டைகள் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. தேன்குழல் பிழிய எல்லாரும் எழுந்து நின்றார்கள். “இதான் சரியான நேரம்,” என்றார் சுபலட்சுமி. முதல் தடவையாக அந்த வாயால் நல்ல பேர் வாங்கினேன்.

வெளிச்சம் இருக்கும்போதே லாரி கேட்டைத் தாண்டியது. குமரப்பன் பலகையை ஏற இறங்கப் பார்த்தார். “இருந்துட்டுப் போகட்டும்,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

வாங்கிவந்த மாவும் துப்புரவாகத் தீர்ந்திருந்தது. மீதம் இல்லை என்று சுபலட்சுமிக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். அக்கம்மாள் மட்டும் காலியான மாவு டின் பக்கத்திலேயே நின்றார்.

“ஒத்தக் கையாச்சும் அடியில கெடக்கணும்த்தா. மொட்டையா மூட மனசு வரமாட்டேங்குது.”

சுபலட்சுமி பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு காலிச் சாக்கு ஒன்றை எடுத்து, டின்னுக்குள் தலைகீழாகப் பிடித்து, ஒரு கையளவு சேரும்வரை உதறிக்கொண்டே இருந்தார்.