பால் பொங்கி அணைந்த அடுப்பு

கேஸ் அடுப்பு பொருத்துவது கால் மணி நேர வேலை. அதை எங்கே பொருத்தக் கூடாது என்று வீட்டுக்காரருக்குப் புரிய வைப்பது முக்கால் நாள் வேலை. நீங்கள் மின் மீட்டர் பார்ப்பவரோ, சொட்டு மருந்து கொடுக்கும் அம்மாவோ, வீடு வீடாகப் போய்ச் சொன்னதையே சொல்லித் தொண்டை கட்டியவர் யாராயிருந்தாலும் என் பாடு உங்களுக்குத் தெரியும்.

நான் இந்தத் தொழிலுக்குப் பிந்தி வந்தவன். முப்பது வருஷம் கள்ளக்குறிச்சிப் பக்கம் விவசாயக் கூலிகளுக்காகக் கொடி பிடித்தேன். எட்டாவதோடு நின்ற படிப்பைத் துண்டறிக்கைகளில் தொடர்ந்தேன்; படித்தது பாதி, எழுதியது பாதி. போஸ்டர் ஒட்ட எனக்குப் பசை வாளி தூக்கியவர்கள் இன்று கொடி கட்டிய காரில் போகிறார்கள், கண்ணாடியை இறக்குவதில்லை. நான் கேஸ் ஏஜென்சியின் தோள் பையோடு மொபெட்டில் போகிறேன். பையில் ஸ்பேனர், வாஷர், சோப்பு டப்பா. நிமிர்ந்துதான் போகிறேன்.

மேலே எது, கீழே எது

மணலூர்பேட்டையில் ஒரு கரும்பு விவசாயி வீடு. போனபோது சிலிண்டர் ஒரு முக்காலியின் மேல் மஞ்சள் குங்குமத்தோடும் மாலையோடும் வீற்றிருந்தது. அடுப்பு அதன் காலடியில் தரையில் கிடந்தது. லட்சுமியைத் தரையில் வைக்க மாட்டாராம். இந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே இறங்கித் தரையோடு படரும், அங்கே நெருப்பு இருக்கக் கூடாது என்று சொன்னேன். சிலிண்டர் தரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு மேடைமேல் இருக்க வேண்டும் என்று இரண்டு முறை கையால் காட்டினேன்.

அவர் மாலையைக் கழற்றி முக்காலியை நகர்த்தினார். ஒரு காலத்தில் அவர் வரப்பில் கூலி உயர்வு கேட்டு உட்கார்ந்தவன் நான். அவர் அதை மறக்கவில்லை. வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"ஊரெல்லாம் சமத்துவம் பேசிக்கினு இருந்தீங்க தோழரே, இப்ப நீங்களே வந்து இது மேல, அது கீழன்றீங்க?"

கலைந்து போங்கள்

திருக்கோவிலூரில் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு ஒருவர். ரெகுலேட்டரை மாட்டித் திறந்தேன். பற்ற வைக்கும் முன் வழக்கம்போல் இணைப்புகளில் சோப்பு நுரை தடவினேன். சிலிண்டர் வாயருகே நுரை குமிழ் குமிழாக ஊதிக்கொண்டு வந்தது. உள்ளே வாஷர் இல்லை. "அதுக்கின்னாத்துக்கு சோப்பு, ஒரு குச்சியைக் காட்டினா தெரிஞ்சிடப் போவுது" என்று ஏட்டு தீப்பெட்டியோடு கிட்டே வந்தார்.

ரெகுலேட்டரை மூடினேன். ஜன்னலையும் பின்கதவையும் திறந்தேன். யாரும் சுவிட்சைத் தொடாமல் வெளியே போகச் சொன்னேன். வீட்டார் போனார்கள், ஏட்டு நகரவில்லை. "எல்லாரும் உடனே கலைந்து போங்க" என்று குரலை உயர்த்திய பிறகுதான் அது யார் பாஷை என்பது எனக்கே உறைத்தது. அவர் தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு வாசல்வரை நடந்து, திரும்பிப் பார்த்தார்:

"அன்னிக்கு பஸ் ஸ்டாண்டு மறியல்ல நானும் இதைத்தானேய்யா சொன்னேன், நீ கலைஞ்சியா?"

கற்பூரம் கொண்டு ஓடியவன்

புது அடுப்பில் முதலில் பால் காய்ச்சுவார்கள். பால் பொங்கி வழிந்தால்தான் குடும்பம் பெருகும். வழிவது அடுப்பின் மேலேதான். பர்னரில் பால் கொட்டினால் தீ அணையும், அடுப்பின் திருகு குமிழ் திறந்தே இருக்கும், கேஸ் வந்துகொண்டே இருக்கும். இதை நான் தெரிந்துகொண்டது வடக்கனந்தலில்.

பால் பொங்கியது. எல்லாரும் கும்பிட்டுவிட்டு டம்ளர் எடுக்கப் போனார்கள். நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன், மூக்கில் வாடை ஏறியது. அதே நேரம் வீட்டுப் பெரியவர் அடுப்புக்குக் காட்ட எரியும் கற்பூரத் தட்டோடு சமையலறைக்குள் நுழைய வந்தார். விளக்க நேரமில்லை. தட்டைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். திரும்பி வந்து குமிழை மூடிக் கதவுகளைத் திறந்து, என்ன நடக்க இருந்தது என்று சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. சாமி இல்லை என்று பேசித் திரிந்தவன் தீபாராதனையைத் தடுத்துவிட்டான் என்று நான் போய்ச் சேருவதற்குள் ஏஜென்சிக்குப் புகார் போய்விட்டது.

மேனேஜர் சுமதிக்கு என் மகள் வயது. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் சொன்னாள்:

"நீங்க பண்ணது சரிதாண்ணே, ஆனா இன்னொரு புகார் வந்தா மேல இருக்கிறவங்க உங்களைக் குடோன்ல காவலுக்கு உக்கார வெச்சிடுவாங்க."

நான்கு பக்கம்

பூட்டிய குடோனுக்கு வெளியே நாற்காலியில் உட்காருவது என்னால் ஆகாது. லாக்கப்பிலாவது பேச ஆள் இருந்தது. அதற்காக ஒரு வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்கவும் முடியாது. எனக்குத் தெரிந்த ஆயுதத்தை எடுத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து அடுப்பு எச்சரிக்கை பற்றி ஒரு துண்டறிக்கை எழுதினேன். "உழைக்கும் தாய்மார்களே!" என்று தொடங்கி, நல்ல தடித்த தாளில் நான்கு பக்கம் அடித்துக் கொண்டுவந்தேன். சுமதி முழுதும் படித்தாள். அவளைப்போல் முழுதும் படித்தவர்களை இயக்கத்திலேயே நான் அதிகம் பார்த்ததில்லை. தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"ஏகாதிபத்தியம் முடிஞ்சி அடுப்பு வர்றதுக்குள்ள வூடு எரிஞ்சிடும்ணே."

கல்வராயன் மலையில் ஒரு சமையலறை

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர். அம்பிகா என்ற பெண் வீட்டு இணைப்பு. விறகுப் புகையில் கண் சிவந்து, இருமி இருமியே பேசினாள். சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. தரையோரம் சுவரில் ஒரு துளை இல்லாமல் பற்ற வைக்க மாட்டேன் என்றேன். அவள் கணவன் மறுபேச்சில்லாமல் கடப்பாரையை எடுத்தான். மண்சுவர், அரை மணியில் பகல் வெளிச்சம் உள்ளே வந்தது. சிலிண்டர் கீழே, அடுப்பு மேலே, சோப்பு நுரையில் குமிழ் இல்லை. எல்லாம் சரி என்று நினைத்தபோது மாமியார் பால் பாத்திரத்தோடு வந்தார். விளிம்பு தட்ட நிறைத்திருந்தார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். துண்டறிக்கையையும் அம்பிகாவிடம் நீட்டினேன். மாமியார் அசையவில்லை. "பொங்காத அடுப்புல எம்மருமவ சோறாக்க மாட்டா. உங்க ஆபீஸுக்குப் போன் போட்டு வேற ஆளை வரச் சொல்றேன்" என்றார். வேறு ஆள் வருவான். பால் வழிந்த பர்னரை யார் பார்த்தது என்று பற்ற வைத்துவிட்டுப் போவான். எனக்குக் குடோன். ரெகுலேட்டரிலிருந்து கையை எடுக்காமல் நின்றேன்.

அம்பிகா மாமியார் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கினாள். "பொங்கணும், வழியணும், அவ்ளோதானே அத்தை? அடுப்பு மேலதான் வழியணும்னு சாமி கேட்டுச்சா?" என்றாள். பாதிப் பாலை வேறு குண்டானில் ஊற்றினாள். மீதியை வைத்துச் சின்னத் தீயில் பற்ற வைக்கச் சொன்னாள். நுரை விளிம்பைத் தொட்டதும் குமிழைத் திருப்பி அணைத்தாள், பாத்திரத்தை இறக்கித் தாம்பாளத்தில் வைத்துக் கிழக்குப் பக்கம் சாய்த்தாள். நுரையோடு பால் தாராளமாக வழிந்தது. மாமியார் தாம்பாளத்தருகே குனிந்து பார்த்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சுடு பாத்திரத்தை எதால் பிடித்தாள் என்று அப்போதுதான் பார்த்தேன். இரண்டாக மடித்த என் துண்டறிக்கை. "தாய்மார்களே" மேல்பக்கம் தெரிந்தது. அம்பிகா அதை நீவி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்:

"உங்க நோட்டீஸு நல்லா கெட்டிங்ண்ணா, கொஞ்சங்கூட கை சுடல."

முப்பது வருஷம் இந்தச் சீமையையே புரட்டிப் போடக் கிளம்பியவன் நான். கடைசியில் என் கண்ணெதிரே சாய்ந்தது ஒரு பால் பாத்திரம்தான், அதையும் சாய்த்தது நான் இல்லை.