இயந்திரங்கள் ஓய்ந்த நாள்

செந்தூலில் பழைய ரயில் பட்டறைப் பக்கம் இப்போது ஆட்களை நடத்திக் கூட்டிக்கொண்டுபோய், அந்தக் காலத்து வேலைகளைப் பற்றிச் சொல்கிறார்களாம். மகள் கூப்பிட்டாள். தெரியாதவர்கள் நடுவில் நடக்க எனக்குக் கூச்சம், வரவில்லை என்றுவிட்டேன். அதோடு, அதை எனக்கு அப்பா முன்பே சுற்றிக்காட்டிவிட்டார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்கு அங்கே சரக்குப் பெட்டிகளின் இரும்புத் தகடுகளில் ரிவெட் ஆணி அடிக்கிற வேலை. அடித்து அடித்துக் காது போய்விட்டது. நம் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார். “உங்கப்பா காத ஒர்க்ஷாப்லயே வெச்சிட்டு வந்துட்டாரு,” என்பார் அம்மா. அதையும் வீட்டுக்குள்தான் சொல்வார். ஃபோர்மேனுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம்.

மற்ற நாள்களில் கவலையில்லை. அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது, எல்லாரும் கைச்சாடைதான். ஆயுத பூஜைதான் ஆபத்து. அன்றைக்கு இயந்திரங்களை நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள். குடும்பங்களையும் உள்ளே விடுவார்கள். அதனால்தான் அப்பா என்னைக் கூட்டிப்போனார்.

“அப்பா கைய விடாத. பின்னால யாராச்சும் கூப்பிட்டா அமுக்கு,” என்று அம்மா சொல்லி அனுப்பினார்.

உள்ளே போனதும் நான் என் வேலையையே மறக்கப் பார்த்தேன். என்னைவிட உயரமான சக்கரங்கள். கடைசல் இயந்திரத்துக்கு மாலை. உலைக்குப் பக்கத்தில் பொரி கொடுத்தார்கள்.

“அண்ணே, மகளா? நல்லவேள, ஒங்கள மாதிரி இல்லலா,” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அமுக்கினேன். அப்பா திரும்பிச் சிரித்தார்.

கிரேனுக்கு அடியில் வந்தபோது அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. “ஒரு முழு இன்ஜினையே தூக்கிடும்மா,” என்று காட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது. என் கையை விட்டுவிட்டார்.

அப்போதுதான் ஃபோர்மேன் பின்னால் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்; அவரும் சுத்தியல் பிடித்து மேலே வந்தவர்தான். “இது உம்மட மகளோ?” என்றார். அப்பா இரண்டு கையாலும் இன்ஜினைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் மறுபடி கேட்டார். எதிரே நின்றவர்கள் பொரி மெல்லுவதை நிறுத்தினார்கள். அப்பாவின் கை எனக்கு எட்டவில்லை.

ஃபோர்மேன் மெதுவாகச் சுற்றி வந்து, அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று மூன்றாம் முறை கேட்டார்.

“ஆமா சார், மூத்தவ.”

அவ்வளவுதான். பிறகு என் பக்கம் குனிந்து, “எத்தினையாம் வகுப்பு, பிள்ளை?” என்றார்.

வீட்டுக்கு வந்ததும், அவர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். ஒன்றுதான் வெட்கமாக இருந்தது. நான் “மூணு” என்று பதில் சொல்லும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் வாயையே உற்றுப் பார்த்தார். பொரி ஒட்டியிருக்கிறதென்று நினைத்து, கவுன் நுனியால் அழுந்தத் துடைத்துக்கொண்டேன்.