திருப்பித் தராத தலையசைப்பு

டெல்ஃபீன் மேயஸ் இருபத்தொரு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். எங்கள் பர்மிங்ஹாமின் மேற்குப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் அவள் அதட்டலில் வளர்ந்தவர்கள். மகன் பட்டாளத்துக்குப் போனதும் அவனுடைய மலைச் சைக்கிள் சும்மா கிடந்தது. ஐம்பது வயதில் அதை எடுத்துக்கொண்டு ஊருக்குத் தெற்கே இருக்கும் மலைக்குப் போனாள். அன்றிலிருந்து சனிக்கிழமை வந்தால் அவளுக்கு வீட்டில் கால் தரிக்காது.

மலை அவளுக்குப் பிடித்துப்போனது. பைன் சருகு, செம்மண், இறக்கத்தில் வயிற்றுக்குள் ஏதோ நழுவுகிற சுகம். ஆனால் அங்கே அவளைத் தன் ஆளாகப் பார்க்க ஒருவரும் இல்லை. வழி தவறிவிட்டாயா, இந்தப் பாதை கஷ்டமாச்சே என்று நல்லவிதமாகத்தான் கேட்பார்கள். அவளுக்குப் பின்னால் வருகிற வெள்ளைக்காரியிடம் கேட்கமாட்டார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கறுப்பர் ஒருவர் இன்னொரு கறுப்பரைக் கண்டால், முன்பின் தெரியாவிட்டாலும், தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி ஒரு தலையசைப்பு. உன்னைப் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். சுற்றிலும் நம்மவர் இல்லாத இடத்தில் அது கிடைத்தால் வெயிலில் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும். வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவரை நாங்கள் லேசில் மன்னிப்பதில்லை. மூன்று வருடமாக அந்த மலையில் டெல்ஃபீனுக்கு அது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. வேர் புடைத்த ஏற்றத்தில் முன்சக்கரத்தையே பார்த்தபடி மிதித்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து இறங்கிவந்த ஒருத்தி வழிவிட்டு ஓரமாக நின்றாள். கடந்து போகையில் கண்ணோரத்தில் ஒரு தாடை தாழ்ந்தது. அது என்னவென்று புத்திக்கு எட்டுவதற்குள் சக்கரம் வழுக்கியது. காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தபோது, ஹெல்மெட்டுக்குக் கீழே நீளப் பின்னல்கள் துள்ள, ஒரு கறுத்த கழுத்து வளைவில் மறைந்துகொண்டிருந்தது. கூப்பிட்டாள். கேட்கவில்லை.

அந்த வாரம் ஹெல்மெட் உட்காரும்படி அவளுக்குத் தலையோடு ஒட்டிப் பின்னிவிட்ட அக்கா சார்லெட்டா நடந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரு தலையாட்டலுக்காடி இப்படி வாடிப்போயிருக்க? சர்ச்சுக்கு வா, முந்நூறு பேரு ஆட்டுவாங்க."

"அவங்கள்ல ஒருத்தரும் மலைக்கு வர்றதில்லையேக்கா."

சார்லெட்டா சிரிப்பை விட்டுவிட்டு அடுத்த கற்றையைப் பிரித்தாள்.

டெல்ஃபீன் ஆறு சனிக்கிழமை அந்தப் பெண்ணைத் தேடினாள். வளைவுக்கு வளைவு நிமிர்ந்து பார்த்துப் பார்த்து இரண்டு முறை விழுந்தாள், தோள் கன்றிப்போனது. வலியைவிட, அந்தப் பெண் தன்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்று நினைத்திருப்பாளே என்பதுதான் அரித்தது. தன்னால் அவள் வேறு மலைக்குப் போயிருப்பாளோ?

ஏழாவது சனிக்கிழமை, வண்டி நிறுத்தும் இடத்தில் அதே பின்னல்கள். கூட இன்னும் இரண்டு பேர் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் நம்மவர்.

"நீங்கதானக்கா, அன்னிக்கு வேர் ஏத்தத்துல என்னைக் கண்டுக்காமப் போனது?"

டெல்ஃபீன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு அவளிடம் போனாள். "வேரைப் பாத்துட்டிருந்தேம்மா. அன்னிலருந்து உன்னத்தான் தேடிட்டிருக்கேன்."

"நானுந்தான். இங்க நம்மாளு ஒருத்தி இருக்கான்னா இவளுக நம்பவே இல்ல. சத்தியம் பண்ணிக் கூட்டிட்டு வந்தேன்."

நெட்டையானவள் டெல்ஃபீனை ஏற இறங்கப் பார்த்தாள். "கால் இருக்குடி. பேய் இல்ல."

மூவரும் டஸ்கலூசாவிலிருந்து ஒரு மணிநேரம் கார் ஓட்டி வந்தவர்கள். பின்னல்காரி பெயர் ரோனிஷா. டெல்ஃபீன் அவள் முகத்தை நேராகப் பார்த்துத் தாடையைத் தாழ்த்தினாள். ரோனிஷாவும் தாழ்த்தினாள்.

மலை தெரிந்தவள் என்று டெல்ஃபீனை முன்னால் போகச் சொன்னார்கள். இறக்கம் என்றால் பிரேக்கைத் தொடாதவள், அன்று பிடித்துப் பிடித்துத்தான் இறங்கினாள். பின்னால் மூன்று பேரின் பேச்சுச் சத்தம் காதுக்கு எட்டுகிற தூரத்தைத் தாண்ட அவளுக்கு மனசு வரவில்லை.