வால்வைத் திறந்தவர்

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுண்டர் அக்காவுக்கு ஊமைக்கோட்டான் என்று பட்டப்பெயர். வைத்தது யார் என்று கேட்காதீர்கள். தண்ணீர் வரவில்லை என்று மல்லுக்கட்ட வருகிறவர்களைக்கூட "எழுதியாச்சு" என்ற ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார். அவருடைய கணவர் பின்கட்டில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர். ஊருக்கே தண்ணீர் திறந்துவிடும் கணினி அவர் பொறுப்பில் இருந்தது. போன மழைக்காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். விடுப்பு முடிந்து வந்த அக்கா முன்பைவிடக் குறைவாகப் பேசினார். அதற்கும் கீழே ஒரு மனுஷியால் போக முடியுமா என்று எனக்கு ஆச்சரியம்.

அப்போதுதான் கணினிகளை முறைப்படி பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கும் தணிக்கைக்கு அலுவலகத்துக்குள்ளேயே ஆள் தயார் செய்வதென்று முடிவானது. செய்முறைப் பயிற்சி என்றதும் ஆளாளுக்குத் தலைமறைவானார்கள். ஸ்டோரில் இருந்த என்னை என் மேலதிகாரிக்குக் கண்டாலே ஆகாது, அதனால் என் தலையில் கட்டினார். தானாகக் கை தூக்கியது அக்கா மட்டும்தான்.

பயிற்சியாளர் வெளியிலிருந்து வந்த சின்னப் பெண். ஆனால் கறார் பேர்வழி. முதல் நாளே சொல்லிவிட்டார்:

"சொல்றதை நம்பாதீங்க, செஞ்சு காட்டச் சொல்லுங்க. அப்புறம், என்ன ஆனாலும் கீபோர்டைத் தொடாதீங்க. தொட்டுட்டா எதை அவங்க செஞ்சாங்க, எதை நீங்க செஞ்சீங்கன்னு யாருக்கும் தெரியாது."

கணக்குப் பிரிவில் தொடங்கினோம். "தினமும் பேக்கப் எடுக்கிறோம்" என்று மார்தட்டினார் அங்கே இருந்தவர். ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னோம். பேக்கப் என்று ஒட்டியிருந்த டிஸ்க்கில் அவருடைய கல்யாண வீடியோ இருந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, பயிற்சியாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கேள்வி கேட்பதிலும் எனக்குத் திட்டுதான்.

"கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களேவா? அவங்களைப் பேச விடுங்க சார்."

அக்காவுக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஒன்றைக் கேட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். எதிரில் இருப்பவர் அந்த மௌனம் தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். இப்படியும் ஒரு திறமை இருக்கிறதா என்று எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அடுத்தது கட்டுப்பாட்டு அறை. படியிறங்கும்போது அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, என் கவுண்டர் திரையில தினமும் காலையில எந்தப் பகுதிக்குத் தண்ணி திறந்தாச்சுன்னு வரும். பக்கத்துல திறந்தவர் பேரும் வரும். இன்னும் அவர் பேர்தான் வருது."

நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"செத்ததுக்கு அப்புறமும் மனுஷன் ஒரு நாள் லீவு போடலை. முதல்ல பயந்துட்டேன். அப்புறம் அதைப் பார்க்கிறதுக்காகவே சீக்கிரம் வர ஆரம்பிச்சேன். யார் திறக்கிறாங்கன்னு தெரியணும்னுதான் இந்தப் பயிற்சிக்கே வந்தேன். ஆனா தெரிஞ்சா அறிக்கையில எழுதணும். எழுதினா அந்தப் பேரை எடுத்துடுவாங்க."

"அப்போ விட்டுடுங்க அக்கா. தணிக்கை பண்ண வேற ரூமா இல்லை?"

அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்.

உள்ளே மோட்டார்களின் அதிர்வு செருப்பைத் தாண்டிக் காலில் ஏறியது. கணினிக்கு முன்னால் அக்கா கணவருடைய நாற்காலி, முதுகில் அவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டர். நாற்காலி காலியாகவே இருந்தது. இப்போதைய ஆபரேட்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஓரமாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க அண்ணி."

"வால்வை எப்படித் திறக்கிறீங்க? செஞ்சு காட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார், பயிற்சியாளரைப் பார்த்தார், ஸ்வெட்டரைப் பார்த்தார். அக்கா பேசாமல் நின்றார்.

"எனக்கும் தனி லாகின் இருக்கு அண்ணி. ஒரே ஒரு தடவை அதுல திறந்தேன், அன்னைக்கே மெயின் பைப் வெடிச்சுது. அண்ணன் கைராசிக்காரர். அவர் பேர்ல திறந்தா ஒண்ணும் ஆகிறதில்லை. அதனால எல்லா ஷிஃப்ட்லயும் அவர் பேர்தான்."

இதைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. கறார் பேர்வழியும் அந்த நாற்காலியை விட்டு ஓரடி தள்ளி நின்றார்.

"காட்டுங்க" என்றார் அக்கா மறுபடியும்.

ஆபரேட்டர் அக்கா கணவரின் பெயரை அடித்தார். பிறகு பழக்கதோஷத்தில், அடிக்கிற கடவுச்சொல்லை வாய்விட்டு முணுமுணுத்தார்: "வாயாடி, ஒண்ணு."

திரையில் பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்தில் அவர் பெயர்.

"அண்ணன் வச்சதுதான். யாரைச் சொன்னாரோ தெரியலை, நாங்க சொல்லிச் சிரிச்சுக்குவோம்."

அக்கா மெல்ல அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னைத்தான்."

ஊமைக்கோட்டான் பேச ஆரம்பித்தது.

"வீட்டுக்குப் போனா நான் வாயை மூட மாட்டேன். புகார் கொடுக்க வந்த ஒவ்வொருத்தர் மாதிரியும் நடிச்சுக் காட்டுவேன். சிரிச்சுச் சிரிச்சு அவருக்குப் புரையேறும். இப்போ பொண்ணு காதுல எதையோ மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. சுவர்கிட்ட பேச எனக்கு இன்னும் பழகலை."

எனக்கு அழுகை வந்தது. அந்தப் பட்டப்பெயரை வைத்த என் வாயைத் தைத்துப்போட்டால் தேவலை என்றிருந்தது.

அறிக்கையைத் தான் எழுதுவதாகப் பயிற்சியாளர் சொன்னார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. இறந்தவரின் பெயரில் வால்வு திறக்கப்படுகிறது, உடனே நிறுத்த வேண்டும் என்று தன் கைப்படவே எழுதினார். இறந்தவர் என்ற இடத்தில் மட்டும் பேனா வெகுநேரம் நின்றது.

அந்தப் பெயரிலிருந்த லாகினை மூடிய அன்று ஆபரேட்டர் தன் பெயரில் வால்வைத் திறந்துவிட்டு, பைப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தாராம். ஒன்றும் வெடிக்கவில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

மூடிவிட்டோம் என்று சொன்னால் போதாதே, செய்து காட்ட வேண்டுமே. பழைய பெயரில் நுழைய முடிகிறதா என்று பார்க்க மறுபடி அந்த அறைக்குப் போனோம். ஆபரேட்டர் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"என்னால ஆகாது அண்ணி. அவரை வாசல்ல நிறுத்தித் துரத்தற மாதிரி இருக்கு."

பயிற்சியாளர் தன் விதியைத் தானே மீறி, கீபோர்டை அக்கா பக்கம் நகர்த்தினார்.

அக்கா ஒற்றை விரலால் தேடித் தேடிக் கணவர் பெயரை அடித்தார். வாயாடி. ஒன்று. பொத்தானை அழுத்தினார்.

இப்படி ஒருவர் இல்லை என்றது திரை.

"தப்பா அடிச்சுட்டேன் போல" என்று சொல்லிவிட்டு, அக்கா முதலிலிருந்து அடித்தார். மறுபடியும் அதேதான் வந்தது. "எழுத்து ஏதோ விட்டுப்போச்சு" என்று மூன்றாவது தடவையும் விரலைக் கொண்டுபோனார்.

கறார் பேர்வழி அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

"சரியாத்தான் அடிச்சீங்க அக்கா."