சுவெட்டருக்கு மேல் எடுத்த அளவு

கொடைக்கானல் மலையில், கவுஞ்சியில் எங்கள் கேரட் காட்டுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் எங்கள் பக்கத்தில் அதுதான். ஒழுங்காக என்பது எங்கள் கணக்குப்படி. காட்டுச் சோலி முடிந்ததும் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பாறையில் ஏறி உட்கார்ந்துதான் நான் ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவேன். அணிக்கு நாலு பேர். எந்த அணியில் ஆள் மிஞ்சுகிறதோ அதற்கு வெற்றி.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பிறகு கல்லூரிக்கும் போய்ப் பட்டம் வாங்கி வந்தேன். "படிச்ச பய பாறையில உக்காந்து போனை நோண்டிக்கிட்டுக் கெடக்கான்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசினால் பேசட்டும் என்று விட்டுவிட்டேன். என்னைக் குத்தியது வேறு ஒரு பேச்சு.

விளையாட்டுத் திரையின் மூலையில் ஒரு சின்ன எண் ஓடிக்கொண்டே இருக்கும். பிங் என்பார்கள். நாம் விரலை அழுத்துவதற்கும் அங்கே குண்டு பாய்வதற்கும் இடையில் எவ்வளவு தாமதம், அதாவது லேக், ஆகிறது என்று காட்டுகிற எண் அது. கீழே இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அது பச்சையில் ஓடும். எங்களுக்கு எந்நேரமும் சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்ததுமே ஆட்டத்திலிருந்து வெளியே தள்ளிவிடுவார்கள். "லேக் பார்ட்டி வந்துட்டானுங்கடா, தூக்கி வெளிய போடு" என்று ஹெட்போனில் கேட்கும்.

தள்ளாமல் விட்டவர்களை, எங்கள் மலைக்காரர்கள் நாலு பேர் ஓர் அணியாக ஆடி ஜெயிக்க ஆரம்பித்தோம். அதிலும் ஒரு மதுரை அணியைத் திரும்பத் திரும்ப ஜெயித்தோம். அவர்கள் கேப்டன் ஒருநாள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "இவனுங்க ஆடி ஜெயிக்கல. சிக்னல் அந்துபோறதுல ஒளிஞ்சுக்கிட்டு ஜெயிக்கிறானுங்க. கீழ வந்து ஒரே வைஃபைல ஆடச் சொல்லு, பாப்போம்."

அதில் பாதி உண்மை இருந்தது. சிக்னல் அறுந்து அறுந்து வந்தால், எதிராளியின் திரையில் எங்கள் உருவம் ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைக்கும். அதைச் சுடுவது சிரமம். அப்படியானால் எங்கள் வெற்றிகளில் எது கை செய்தது, எது சிக்னல் செய்தது? எனக்கே தெரியவில்லை. பாறையில் உட்கார்ந்திருக்கும் வரை தெரியவும் போவதில்லை.

அப்போதுதான் அந்தப் போட்டி வந்தது. ஆன்லைன் சுற்றுகளில் தப்பித் தவறி இறுதிவரை வந்துவிட்டோம். எதிரில் அதே மதுரை அணி. இறுதிச் சுற்று மட்டும் மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில். எல்லாருக்கும் ஒரே வைஃபை, ஒரே பச்சை. "அப்ப தெரிஞ்சு போகும்" என்று எழுதி அனுப்பியிருந்தான் அந்தக் கேப்டன். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போட்டி நடத்துகிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். நாலு பேரும் ஒரே மாதிரி ஜெர்சி போட்டிருந்தால்தான் மேடை.

ஜெர்சி என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. எங்கள் மலையில் பாதிப் பையன்களுக்கு உண்டு. காரணம் ரொம்பச் சாதாரணமானது. மழைக்காலத்தில் இங்கே பருத்திச் சட்டையைத் துவைத்தால் காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். விளையாட்டுக்காரர்கள் போடுகிற அந்த வழவழ துணி இருக்கிறதே, அது மேகத்துக்குள் தொங்கப் போட்டாலும் காயும். வியர்வையை உறிஞ்சும் துணி என்று விற்கிறார்கள். எங்களுக்கு எங்கே வியர்க்கிறது? நாங்கள் அதைக் காய்வதற்காக வாங்குகிறோம். கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எந்தத் துணியைத் தொட்டாலும் இது நெசவா, பின்னலா, எத்தனை துவைப்பு தாங்கும் என்று என்னால் சொல்லிவிட முடியும்.

ஆனால் உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டுக்கு ஜெர்சி எதற்கு? அப்பா கேட்டதும் அதைத்தான்.

"பந்து எங்கடா?"

"பந்து கிடையாதுப்பா."

"ஓடணுமா?"

"உக்காந்துதான் ஆடணும்."

"உக்காந்துக்கிட்டு ஆடுறதுக்கு எதுக்குடா பனியன்?"

"ரூல்ஸ்ப்பா" என்று சொல்லிவிட்டுக் காட்டுப் பக்கம் நழுவினேன்.

எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் பக்கத்து மலையூர்களான கூக்கால், கிளாவரைக்காரர்கள். கூக்கால்காரன் என் மாமன் மகன், காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறான்; நானும் அவனும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். கிளாவரை அண்ணன் பீன்ஸ் போடுகிற சம்சாரி. கைக்குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து ஆட வருவார். நாலாவது ஆள் கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருக்கும் அக்கா. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்துதான் வருவார். வந்தால் அவர் குறி தப்பாது.

சந்தை நாளில் நாலு பேரும் கொடைக்கானலில் கூடி, தையல் கடையில் அளவு கொடுத்தோம். தையல்காரர் டேப்பைச் சுற்றிச் சுற்றி அளந்தார். நான் அதை அப்படியே போனில் ஏற்றித் திருப்பூரில் ஜெர்சி தைத்துக் கொடுப்பவருக்கு அனுப்பினேன். கரும்பச்சைத் துணி, முதுகில் பெரிய எழுத்தில் 'சிவப்பு பிங்'. அந்தப் பெயர் அக்காவின் யோசனை. "அவங்க நம்மள எப்படிக் கூப்பிடுறாங்களோ அதையே பேரா வச்சிருவோம். சிம்பிள்" என்றார்.

போட்டி நாளில் வெள்ளனே பிக்கப்பில் கிளம்பினோம். பின்னால் கேரட் மூட்டைகள், அதன்மேல் நானும் கிளாவரை அண்ணனும். பூம்பாறை தாண்டும்போது மேகம் வண்டிக்குள் வந்துபோனது. கொடைக்கானலில் அக்கா ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். நாலு பேரும் சுவெட்டருக்கு மேலே ஜெர்சி போட்டிருந்தோம். அப்படியொரு பொருத்தம். இழுக்கவுமில்லை, தொங்கவுமில்லை.

மலைப்பாதை முடிகிற காட்ரோட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது அனல் முகத்தில் அடித்தது. சுவெட்டரைக் கழற்றிவிட்டு ஜெர்சியை மட்டும் மறுபடி போட்டோம்.

நாலு பேரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டோம்.

என் ஜெர்சியின் கழுத்து ஒரு பக்கத் தோளிலிருந்து வழிந்து இறங்கியது. முழுக்கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்கியது. மாப்ளைக்குப் பாதித் தொடை வரை வந்தது. அக்காவின் கைக்குள் இன்னொரு கை நுழைக்கலாம்.

"தம்பி, மெஷர்மென்ட் எதுக்கு மேல எடுத்தாங்க?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

எங்கள் மலையில் எந்தத் தையல்காரரும் சுவெட்டரைக் கழற்றச் சொல்லி அளவெடுத்ததே கிடையாது. கழற்றி நிற்க யாரால் முடியும்? மேலேதான் அளப்பார், தைக்கும்போது மனக்கணக்காகக் குறைத்துக்கொள்வார். திருப்பூர்க்காரருக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரியும்? அளவு கொடுத்த நாலு பேருக்கும், துணி பற்றி அவ்வளவு தெரிந்த எனக்கும், இது தோன்றவேயில்லை.

"ஏலே மாப்ள, கல்யாண மண்டபத்துக்கு நாலு தலையணை உறை போகுதுலே" என்றான் கூக்கால்காரன்.

கிளாவரை அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. கையை நீட்டிக் காட்டினார். தொளதொளத்த துணி மணிக்கட்டில் விழுந்து போன் திரையைப் பாதி மறைத்தது. "இப்படி வச்சுக்கிட்டு எங்கிட்டுச் சுடுறது?"

மாப்ள வண்டிக்குள் தலையை விட்டுத் துழாவி, கோணூசியையும் சணலையும் எடுத்துக்கொண்டு வந்தான். மூட்டை தைக்கிற ஊசி. அது இல்லாமல் எந்தக் காய்கறி வண்டியும் மலையிறங்காது.

"திரும்பி நில்லுங்க. வெரசா முடிச்சிருவேன். மூச்சை மட்டும் உள்ள இழுத்துக்கங்க."

கேரட் மூட்டையின் வாயைத் தைக்கிற அதே தையல். முதுகுப் பக்கம் துணியை மொத்தமாகப் பிடித்து மேலிருந்து கீழே ஓட்டினான்; கைகளைச் சுருட்டி ஒரு முடிச்சு. முன்னாலிருந்து பார்த்தால் ஜெர்சி. பின்னாலிருந்து பார்த்தால் நாலு மூட்டை. முதுகெழுத்துகள் மடிப்பில் போய், 'சிவ' என்று தொடங்கி 'ங்' என்று முடிந்தது.

மண்டபத்தில் மதுரைக்காரர்கள் உடம்போடு ஒட்டிய ஜெர்சியில், தலைக்கு எண்ணெய் ஜெல் எல்லாம் வைத்து நின்றார்கள். அந்தக் கேப்டன் எங்களைச் சுற்றி ஒரு நடை வந்தான்.

"என்னண்ணே, சந்தைக்கு வந்த சரக்கா? எடை போட்டாச்சா?"

"எடை கடைசியில போட்டுக்கலாம் தம்பி" என்றார் அக்கா, ஹெட்போனை மாட்டிக்கொண்டே.

மூன்று ஆட்டம். இரண்டை ஜெயித்தவர்களுக்குக் கோப்பை.

முதல் ஆட்டத்தில் எங்களைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். என் குண்டு ஒன்றுகூடப் படவில்லை. அக்காவுக்கே குறி தப்பியது. மண்டபம் சிரித்தது. கேப்டன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "பச்சையில ஆடுறது எப்படி இருக்கு?" என்று கேட்டான். அப்படியென்றால் அவன் சொன்னது சரிதானா? இத்தனை நாளும் ஜெயித்தது சிக்னலா?

இடைவேளையில் கிளாவரை அண்ணன்தான் முணுமுணுத்தார். "நான் சுட்ட எடத்துக்கு அவன் அப்புறமாத்தான்ப்பா வர்றான். நான் முந்திப் போயிர்றேன்."

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. சிவப்பில் ஆடுகிறவன் எதிராளி நிற்கிற இடத்தில் சுட்டால் படாது; குண்டு போய்ச் சேர்வதற்குள் அவன் நகர்ந்திருப்பான். அதனால் அவன் எந்தப் பக்கம் போவான் என்று காலடிச் சத்தத்தை வைத்துக் கணித்து, அந்த வெற்றிடத்தில் முன்கூட்டியே சுடுவோம். பாறையில் உட்கார்ந்து நாங்கள் கற்றது அதுதான். இங்கே தாமதமே இல்லை. ஆள் வருவதற்கு முன்பே குண்டு போய்விடுகிறது.

"கணிக்கிறது சரியாத்தான் இருக்கு. அதை மாத்தாதீங்க. விரலை மட்டும் ஒரு மூச்சு பிடிங்க" என்றேன்.

"ஒரு மூச்சுன்னா, சணல் விடுறவரைக்குமா?" என்றான் மாப்ள.

இரண்டாவது ஆட்டத்தில் அக்காவின் முதல் குண்டு பட்டது. அடுத்ததும் பட்டது. கிளாவரை அண்ணன் ஒரு சுவருக்குப் பின்னால் சும்மா நின்றார். ஓடி வந்தவன் அவர் துப்பாக்கி முனையிலேயே வந்து நின்றான். மதுரைக்காரர்கள் கண்ணில் பட்டதைச் சுட்டார்கள். நாங்கள், அவர்கள் வரப்போகிற இடம் தெரிந்து காத்திருந்தோம். அந்த ஆட்டம் எங்களுக்கு.

மூன்றாவதில் மாப்ள விழுந்தான். அண்ணனும் விழுந்தார். அக்கா ஒருவனை வீழ்த்திவிட்டு அடுத்தவனிடம் வீழ்ந்தார். கடைசியில் நானும் அந்தக் கேப்டனும் மட்டும். ஓர் இடிந்த வீடு, நடுவில் படிக்கட்டு. அவன் மேலே. என் கட்டைவிரல் வியர்வையில் வழுக்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு அப்படி வியர்த்தது. தொடையில் கிடந்த ஜெர்சி ஓரத்தில் விரலை ஒற்றினேன். துணி உறிஞ்சிக்கொண்டது. விற்கிறவன் சொன்னது உண்மைதான் என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

மேலே காலடி கேட்டது. இடப்பக்கமாக இரண்டு அடி வைத்து நின்றான். அப்படி நின்றால் அவன் வலப்பக்கம்தான் குதிப்பான். சிவப்பில் இருந்தபோது எத்தனையோ தடவை அவன் குதித்ததைக் காதால் பார்த்தவன் நான்.

"தம்பி, வெயிட்" என்றார் அக்கா காதுக்குள். "வெயிட்..."

வலப்பக்கத்து வெற்றிடத்தில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தேன். குதித்தான். அழுத்தினேன்.

அதற்கப்புறம் மாப்ள போட்ட கூச்சலில் அவன் முதுகுத் தையல் பட்டென்று விட்டு, ஜெர்சி கூடாரம் மாதிரி விரிந்தது. கோப்பையைத் தூக்கும்போது மற்ற மூன்று பேருக்கும் விட்டது. நாலு பேரும் தலையணை உறைகளாகத்தான் மேடையில் நின்றோம், முதுகில் 'சிவப்பு பிங்' முழுசாகத் தெரிய. மண்டபம் இந்தத் தடவையும் சிரித்தது, கைதட்டிக்கொண்டே சிரித்தது. கேப்டன் வந்து கை கொடுத்தான். அழுத்தமாகவே கொடுத்தான்.

அப்பாவுக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். பாறையில் நான் தனி ஆள். கூக்காலிலும் கிளாவரையிலும் கொடைக்கானலிலும் அவரவர் தனி ஆள். அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு சேர்ந்து நின்றபோதுதான் நாங்கள் நாலு பேர் என்பது எங்களுக்கே கண்ணில் பட்டது. ஆனால் அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுலயும் பந்து இல்லையேடா" என்றார். மறுநாள் கேரட் காட்டில் அவர் சுவெட்டருக்கு மேலே என் ஜெர்சி. அச்சில் வார்த்த மாதிரி இருந்தது.

அதைத் திரும்ப வாங்கி என் சுவெட்டருக்கு மேலே மாட்டிக்கொண்டு பாறைக்குப் போனேன். மேகம் இறங்கியிருந்தது. மூலையில் எண் வழக்கம்போலச் சிவப்பு. ஓர் ஆட்டத்துக்குள் நுழைந்ததும் யாரோ ஒரு புதுக்குரல், "சிவப்புல ஒருத்தன் வந்திருக்கான், தூக்கி வெளிய போடுங்கப்பா" என்றது.

"ஏலே, கைய வச்சிராத" என்றான் அதே ஆட்டத்தில் இருந்த மதுரைக் கேப்டன். "வெளிய தள்ளுனா மறுபடி கீழ எறங்கிப் பச்சைக்கு வந்துருவாங்க. அவங்க சிவப்புல இருக்கிற வரைக்கும்தான் நமக்குப் பொழப்பு."