ஒரே கணினியில் மூன்று பெயர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் வவுனியா நகரில் ஒரு நிவாரண அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். இடம்பெயர்ந்து வந்தவர்களின் முகாம்களில் கிணறும் மலசலகூடமும் கட்டிக் கொடுக்கிற அலுவலகம். அங்கே இருந்தது ஒரேயொரு கணினி. அதைப் பாவிக்கிறவர்கள் என்னைத் தவிர மூன்று பேர். அந்த மூன்று பேருக்கும் பொதுவாக வாசிக்கத் தெரிந்த ஒரு மொழி இல்லை.

மேலாளர் கொழும்பில் வளர்ந்த தமிழர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவார். கணக்குப் பார்த்தவர் சிங்களவர், வயதானவர். என்னை நங்கி என்றே கூப்பிடுவார். சிங்களத்தில் அது தங்கச்சி. மூன்றாவது, முகாம்களுக்குப் போய்க் கிணறுகளைப் பார்த்து வருகிற அக்கா. அவருடைய குடும்பம் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கனகராயன்குளத்துக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியது. அங்கேயிருந்தும் ஓடி வந்து அப்போது அவரே முகாமில்தான் இருந்தார். அவர் பேச்சில் மலைநாடும் வன்னியும் கலந்திருக்கும்.

"எனக்கு இதுல ஒண்ணும் வாசிக்க ஏலாது தங்கச்சி. எது என்ர வேலை, எது அவங்கட வேலையின்னு எப்பிடித் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் அந்த நாளையில் கணினிக்குத் தமிழ் தெரியாது. எங்களிடம் இருந்தது தமிழ் எழுத்துரு ஒன்று மட்டும். ஆங்கில எழுத்துகளுக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்திவிட்டது போன்ற ஏற்பாடு அது. ஆளுக்கொரு பெயர் கொடுத்து, யார் உள்ளே நுழைகிறார்களோ அவருக்கு ஏற்ற தோற்றத்தைத் திரையில் வரச் செய்யலாம் என்று ஒரு புத்தகத்தில் வாசித்திருந்தேன். மூன்று பேருக்கும் மூன்று பெயர் உண்டாக்கினேன். மேலாளருக்கு ஆங்கிலமே போதும், எதையும் மாற்றவில்லை. கணக்கருக்கு, அவர் அனுராதபுரத்திலிருந்து டிஸ்கெட்டில் கொண்டுவந்த சிங்கள எழுத்துருவைப் போட்டேன். அக்காவின் பக்கத்தில் கோப்புகளின் பெயர்களையெல்லாம் தமிழில் அடித்து, திரையின் எழுத்தைத் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினேன்.

மாற்றும்போது எதையும் விடாமல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அதனால் கணினி தானாகக் காட்டுகிற ஆங்கிலச் சொற்களும் தமிழ் உருவத்தில் அர்த்தமில்லாமல் வந்து நின்றன. கோப்பு என்பதற்கான ஆங்கிலச் சொல் "குடைந" ஆனது. ஓம் என்பதற்கான பொத்தான் "லுநள". இல்லை என்பது "ழே".

"பிழைச்சுப் போச்சு அக்கா, திரும்ப மாத்திவிடுறன்" என்றேன்.

"வேணாம், விடுங்க. அந்த இங்கிலீசை விட இது பரவாயில்ல. இதையாவது வாயால சொல்லலாம்" என்றார்.

அப்படியே பழகிவிட்டார். அழிக்கவா என்று கணினி கேட்டால், "ழே" என்று சொல்லிக்கொண்டே அழுத்துவார். எந்த முகாமில் எந்தக் கிணறு உவர், எது வைகாசியோடு வற்றும், எதன் கட்டு வெடித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒரு விரலால் அடித்தார். முகாமிலிருந்து வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு, தாளில் குறித்து வைக்காமல் நேரே கதிரையில் இருந்து அடித்துவிடுவார். மழையில் நனைந்த தாள்களோடு பட்ட பாடு போதும் என்பார்.

எனக்குத்தான் ஓய்வில்லை. ஒருவர் எழும்பி மற்றவர் இருக்கும்போது பெயரை மாற்றி நுழைய வேண்டும். யாரும் மாற்றமாட்டார்கள். கணக்கரின் பெயரில் அக்கா நுழைந்தால் எல்லாம் சிங்கள எழுத்துக் குப்பையாகத் தெரியும். "நங்கி, இங்க வாங்க" என்று ஒரு குரல், "தங்கச்சி" என்று இன்னொரு குரல். அந்தப் பெட்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று நின்றே என் பொழுது போனது.

ஒருநாள் கணினி மிகவும் மெதுவாக ஓடியது. நான் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன். மேலாளர் தன் பெயரில் நுழைந்து, தேவையில்லாததை அழிப்போம் என்று பார்த்திருக்கிறார். அக்காவின் கோப்புகளின் பெயர்கள் அவருடைய திரையில் தமிழாகத் தெரியவில்லை. அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் மாறி மாறிக் கிடந்த வரிகளாகத் தெரிந்தன. அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலியாக்கினார்.

நான் திரும்பி வந்தபோது அக்கா திரைக்கு முன்னால் சும்மா இருந்தார்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. வெறுமையாக் கிடக்கு."

மேலாளரிடம் போனேன். கோப்புகள் எங்கே என்று கேட்டேன். "வைரஸ் எண்டு நினைச்சன். அது தமிழ் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். பிறகு கேட்டார்: "ஆளுக்கொரு பேர் குடுத்தனீங்கள்தானே. ஒருத்தற்றை மற்றாள் தொடேலாது எண்டுதான் நினைச்சன்."

"தோற்றம் மட்டும்தான் வேற சேர். உள்ளுக்கு எல்லாம் ஒண்டுதான்" என்றேன். அதை முன்பே சொல்லியிருக்கிறேனா என்று எனக்கு ஞாபகமில்லை. யோசிக்கவும் தெம்பில்லை.

அக்கா கோபப்படவில்லை. அடுத்த நாள் மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு முதல் முகாமிலிருந்து தொடங்கினார். பூந்தோட்டம், செட்டிகுளம் முகாம்களுக்குச் சோதனைச் சாவடிகளில் பாஸைக் காட்டிக் காட்டிப் போய் வந்தார். மேலாளர் தன் வாகனத்தை எடுக்கச் சொன்னார். அக்கா இரண்டு தடவை ஏறினார். பிறகு வேண்டாம் என்றுவிட்டார். வாகனத்தில் வந்தால் சனம் புதுக் கிணறு கேட்கிறது, உள்ள கிணற்றைப் பற்றிச் சொல்வதில்லை என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பல இடங்களில் பழையபடி எழுத முடியவில்லை. நல்ல தண்ணீர் என்று முன்பு எழுதியது உவராகியிருந்தது. வேறு சில இடங்களில் கிணறு இருந்தது, அள்ளுகிற சனம் மாறியிருந்தது.

"அழியாம இருந்திருந்தாலும் பாதி பிழையாத்தான் இருந்திருக்கும்" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறாரா, அலுப்பில் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இனிமேல் கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைக்க வேண்டும் என்று மேலாளர் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். கணக்கர்தான் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "நம்பர் போடுங்க நங்கி. நம்பர் எல்லாருக்கும் ஒண்டுதானே."

இலக்கங்களைப் போட்டோம். எந்த எழுத்துருவிலும் அவை மாறவில்லை. ஆனால் எந்த இலக்கம் எந்த முகாம் என்பது அக்காவுக்கு மட்டும்தான் மனப்பாடம். மேலாளர் எதைத் தேடினாலும் அவரைக் கூப்பிட்டுக் கேட்பார். அக்கா வந்து திரையைப் பார்க்காமலே இலக்கத்தைச் சொல்லிவிட்டுப் போவார்.

மாரிமழை முடிய எல்லாம் திரும்பக் கணினியில் ஏறிவிட்டது. மேலாளர் ஒருநாள் எங்கள் எல்லோருக்கும் கடையில் கொத்துரொட்டி வாங்கிவந்தார். அக்கா தன்னுடையதைப் பிரிக்காமல் பிள்ளைகளுக்கென்று பையில் வைத்துக்கொண்டார். நான் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு மேசையில் தலையைச் சாய்த்தேன். எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியாது. யாரும் எழுப்பவில்லை.