உறவினர் இல்லாத பதினொரு பேர்

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸுகளின் நிறுவனம் அது. அங்கே புரோகிராம் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். எல்லோருக்கும் அவர் கம்ப்யூட்டர் அக்கா. கணவர் பிரிந்து போன பிறகு, முப்பத்தாறு வயதில், மாலை வகுப்பில் சேர்ந்து இந்த வேலையைக் கற்றவர்.

"கம்ப்யூட்டர்ல உங்க பக்கம் திறக்கிறதுக்குள்ள டீ போட்டுக் குடிச்சு, கப்பையும் கழுவி வச்சிடலாம்க்கா," என்று நர்ஸுகள் கிண்டலடித்தார்கள். நியாயம்தான். அன்றைய நோயாளிகளின் பட்டியலை எடுத்தபின், ஒவ்வொருவருக்கும் உறவினர் யார் என்று அந்தப் பக்கம் டேட்டாபேஸைத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முந்நூறு பேர் என்றால் முந்நூறு கேள்வி. அக்கா ஒரு வாரம் மல்லுக்கட்டி, நோயாளிகள் அட்டவணையையும் உறவினர் அட்டவணையையும் இணைத்து ஒரே கேள்வியாக எழுதினார். பக்கம் சட்டென்று வந்து நின்றது. மேலாளர் கை தட்டினார்.

ஐந்தாம் நாள், விடுப்பு முடிந்து வந்த ஒரு நர்ஸ் கேட்டார். "அக்கா, நாலாவது மாடி தையல்காரர் பேரு லிஸ்ட்ல வர மாட்டேங்குதே. நம்மள வேணாம்னு சொல்லிட்டாரா?"

அக்கா உடனே தான் எழுதிய வரியைத் திறந்து பார்த்தார். இரண்டு அட்டவணையிலும் இருப்பவர்களை மட்டும் எடுக்கும்படி இணைத்திருந்தார். உறவினர் என்று யாரையும் பதியாத பதினொரு பேர் சத்தமில்லாமல் விடுபட்டிருந்தார்கள்; இத்தனை நாளும் அவர்களைப் பார்க்க எந்த நர்ஸும் போகவில்லை. உடனே அத்தனை பேர் வீட்டுக்கும் ஆள் போனது. பத்துப் பேர் திட்டினார்கள், அவ்வளவுதான். தையல்காரர் கதவைத் திறக்கவில்லை. உடைத்துக்கொண்டு போனால், குளியலறை வாசலில் கிடந்தார். மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அக்கா தினமும் போனார்.

"யாரும்மா நீ?" என்று கேட்டார் தையல்காரர்.

"ஆபீஸ்ல இருந்து வர்றேங்க ஐயா. உங்க பேரு விட்டுப்போனது என்னாலதான்."

"தண்ணி குடு," என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பத்தாம் நாள் காலையில் போனபோது கட்டிலில் புது விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். ராத்திரியே உயிர் போய்விட்டதாம்.

"நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? விடுங்க," என்றார் மேலாளர். அந்த வரியை அக்கா அன்றைக்கே திருத்தியிருந்தார். பட்டியல் இப்போதும் வேகமாகத்தான் வருகிறது. யாரும் புகார் கொடுக்கவில்லை. கொடுப்பதற்குத் தையல்காரருக்கு ஆளே இல்லை என்பதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.